கருவிப் பதிப்பு மாற்றமும் பழைய நிரல்களின் முறிவும்

மென்பொருள் உருவாக்கக் கருவி ஒன்றின் புதிய பதிப்பை நிறுவியபின், அதுவரை சரியாக இயங்கிய நிரல் இயங்காமல் போவதுண்டு; இயங்கினாலும் முன்பு தந்த விடைக்கு மாறான விடையைத் தருவதுண்டு. இவ்விரண்டும் இக்கட்டுரையில் பதிப்பு முறிவு எனக் குறிக்கப்படுகின்றன. இந்நிலையில் நிரலின் ஓர் எழுத்துகூட மாற்றப்பட்டிருப்பதில்லை. நிரல்பெயர்ப்பி, நிரல் நூலகம், இயக்க முறைமை ஆகியவற்றுள் ஏதோ ஒன்று மாறியிருக்கும். முறிவுக்கு நிரலை எழுதியவர் காரணமல்லர் என்றாலும், அதைச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் அவர் தலையிலேயே விழுகிறது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் கற்பித்தவர்களும் கற்றவர்களும் இத்தகைய இரண்டு பெரிய மாற்றங்களின் விளைவைச் சந்தித்துள்ளனர். ஒன்று, டர்போ சி++ காலத்து நிரல்கள் புதிய நிரல்பெயர்ப்பிகளில் ஏற்கப்படாமல் போனது. மற்றொன்று, பைத்தான் 2இலிருந்து பைத்தான் 3க்கு மாறியது. பதிப்பு முறிவு எவ்வாறு நிகழ்கிறது, அதில் எது ஆபத்தானது, எவ்வாறு காத்துக்கொள்வது என்பன இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளின் வழியே கீழே விளக்கப்படுகின்றன.

நிரல் எவற்றைச் சார்ந்து நிற்கிறது?

பத்து வரி நிரலும் தனித்து இயங்குவதில்லை. அதை எந்திர மொழிக்கு மாற்ற ஒரு நிரல்பெயர்ப்பியோ, வரிவரியாக இயக்க ஒரு வரிமொழிமாற்றியோ வேண்டும். திரையில் எழுதவும், வர்க்கமூலம் காணவும், கோப்பைத் திறக்கவும் நூலகங்கள் வேண்டும். இவை அனைத்தையும் தாங்க ஓர் இயக்க முறைமை வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் மேலுள்ள அடுக்குக்கு ஒரு வாக்குறுதி தருகிறது: "இந்தப் பெயரால் அழைத்தால், இந்த வகை மதிப்புகளைக் கொடுத்தால், இன்ன விடை கிடைக்கும்." நிரலாளர் அந்த வாக்குறுதியை நம்பி எழுதுகிறார். புதிய பதிப்பில் வாக்குறுதி மாறினால் நிரல் முறிகிறது.

பாடநூலையும் அதற்கான கையேட்டையும் எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கையேட்டில் "பாடநூல் பக்கம் 47இல் உள்ள படத்தைக் காண்க" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பாடநூலின் அடுத்த பதிப்பில் அந்தப் படம் 52ஆம் பக்கத்துக்குப் போய்விட்டால், கையேட்டில் அச்சுப்பிழை ஏதுமில்லாதபோதும் அந்த வரி பயனற்றுப் போகிறது. 47ஆம் பக்கத்தில் வேறொரு படம் அச்சாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாணவர் தவறான படத்தையே சரியென்று படித்துவிடுவார். பதிப்பு முறிவின் இரண்டு முகங்களும் இதில் அடங்கியுள்ளன.

டர்போ சி++ காலத்து நிரல்கள்

போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி++ தொகுப்பை 1990இல் வெளியிட்டது. டாஸ் இயக்க முறைமையில் இயங்கிய இத்தொகுப்பு, நிரல் எழுதும் இடம், பெயர்ப்பி, பிழை நீக்கும் வசதி ஆகியவற்றை நீலத் திரை ஒன்றிலேயே தந்ததால் இந்தியக் கல்வி நிலையங்களில் விரைந்து பரவியது. அப்போது சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தரம் என்று எதுவும் இல்லை. முதல் பன்னாட்டுத் தரம் 1998இல்தான் வெளிவந்தது. அதில் மூன்று செய்திகள் பழைய வழக்கத்தோடு மோதின.

முதலாவது, உள்ளீடு வெளியீட்டுக்கான "ஐஓஸ்ட்ரீம்.எச்" என்னும் தலைப்புக் கோப்பு, "எச்" என்னும் பின்னொட்டு இல்லாத "ஐஓஸ்ட்ரீம்" ஆனது. இரண்டாவது, "சிஅவுட்", "சிஇன்" போன்ற பெயர்கள் "எஸ்டிடி" என்னும் பெயர்வெளிக்குள் வைக்கப்பட்டன. மூன்றாவது, "மெயின்" செயற்கூறு முழு எண்ணைத் திருப்பி அனுப்புவதாகவே இருக்கவேண்டும் என்பது உறுதியாக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் பழைய 12ஆம் வகுப்புப் பாடநூலில் இருந்த நிரல்களோ "ஐஓஸ்ட்ரீம்.எச்", "கோனியோ.எச்" ஆகியவற்றை இணைத்து, "வாய்டு மெயின்" என்று தொடங்கி, "கிளிர்ஸ்கிர்" என்று திரையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தன. டர்போ சி++இல் இவை முற்றிலும் சரியானவை. இன்றைய ஜிசிசி பெயர்ப்பியில் அதே நிரலை இட்டால் முதல் வரியிலேயே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்னும் பிழை வரும். அதைத் திருத்தினால் "மெயின்" பற்றிய பிழை வரும். அதையும் திருத்தினால் "கிளிர்ஸ்கிர்" என்று ஒன்று அறிவிக்கப்படவில்லை என்னும் பிழை வரும். திரையைத் துடைக்கும் அந்தச் செயற்கூறு போர்லாண்ட் தன் தொகுப்பில் சேர்த்துக் கொடுத்த ஒன்றே தவிர, சி++ மொழியின் தரத்தில் என்றுமே இருந்ததில்லை.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. ஜிசிசியின் 3ஆம் வரிசைப் பதிப்புகளில் பழைய தலைப்புக் கோப்பைப் பயன்படுத்தினால் நிரல் இயங்கியது. ஆனால், "இது வழக்கொழிந்த கோப்பு" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. 2008இல் வெளிவந்த 4.3 பதிப்பில்தான் அக்கோப்புகள் அடியோடு நீக்கப்பட்டன. எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் இடையில் நிரலாளர்களுக்குச் சில ஆண்டுகள் இருந்தன. ஆனால், எச்சரிக்கை காட்டாத டர்போ சி++இலேயே தங்கிவிட்டவர்களுக்கு அந்த அவகாசம் இருந்ததே தெரியாமல் போயிற்று.

இதனோடு இயக்க முறைமையின் மாற்றமும் சேர்ந்துகொண்டது. டர்போ சி++ ஒரு 16-பிட் மென்பொருள். 64-பிட் விண்டோஸ் 16-பிட் மென்பொருள்களை இயக்குவதில்லை. ஆகவே புதிய கணினிகளில் பழைய கருவியே திறக்கவில்லை. டாஸ் சூழலைப் போலச் செய்துகாட்டும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் டர்போ சி++ஐ இயக்குவது பல கல்வி நிலையங்களில் வழக்கமாயிற்று.

ஓசையில்லாமல் மாறிய ஒன்றும் இதில் உண்டு. டர்போ சி++இல் "இன்ட்" என்னும் முழு எண் வகைக்கு 2 பைட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. இன்றைய பெயர்ப்பிகளில் அதே வகைக்குப் பெரும்பாலும் 4 பைட் இடம். தொடர்பெருக்கம் காணும் வகுப்பறை நிரலை எடுத்துக்கொண்டால், 7இன் தொடர்பெருக்கமான 5,040 இரண்டிலும் சரியாக வரும். 8இன் தொடர்பெருக்கம் 40,320. டர்போ சி++இல் அது 2 பைட்டுக்குள் அடங்காமல் −25,216 என்று காட்டப்படும். புதிய பெயர்ப்பியில் 40,320 என்றே வரும். நிரல் ஒன்றுதான்; விடைகள் இரண்டு. இங்கே புதிய கருவி நன்மை செய்தது. ஆனால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விடை மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பைத்தான் 2இலிருந்து 3க்கு

தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் 11ஆம் வகுப்புக்கு 2018–19 கல்வியாண்டிலும், 12ஆம் வகுப்புக்கு 2019–20 கல்வியாண்டிலும் நடைமுறைக்கு வந்தது. 11ஆம் வகுப்பில் தரப்படுத்தப்பட்ட சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான் 3 என்று அமைந்தது. அந்த முதல் 12ஆம் வகுப்பு மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தபோதே, 2020 சனவரி 1 அன்று, பைத்தான் 2க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 திசம்பரில். பழைய நிரல்கள் அப்படியே இயங்கா என்று தெரிந்தே, மொழியின் அடிப்படைக் குறைகளை ஒரே முறையில் களைவதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. பைத்தான் 2.7க்கு முதலில் 2015 வரையே ஆதரவு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மாறாத திட்டங்கள் ஏராளமாக இருந்ததால் 2014இல் அந்தக் கெடு 2020க்கு நீட்டிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதாக இல்லை. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் கணினிச் செயலியைப் பைத்தான் 3க்கு மாற்றும் பணியை 2015இல் தொடங்கி 2018இல்தான் முடித்தது.

மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் மாற்றங்கள் நான்கு.

1. அச்சிடுதல். பைத்தான் 2இல் "பிரிண்ட்" ஒரு கூற்று, அடைப்புக்குறி தேவையில்லை. பைத்தான் 3இல் அது ஒரு செயற்கூறு, அடைப்புக்குறி கட்டாயம். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டை அப்படியே தட்டச்சு செய்தால் தொடரமைப்புப் பிழை வருவது இதனால்தான். பிழை உடனே தெரிவதால் திருத்துவதும் எளிது.

2. உள்ளீடு பெறுதல். பைத்தான் 2இல் "இன்புட்" வழியே 5 என்று கொடுத்தால் அது எண்ணாகவே கிடைக்கும். பைத்தான் 3இல் அது எழுத்துச் சரமாகக் கிடைக்கும். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் பழைய நிரலில் 5, 5 என்று கொடுத்தால் முன்பு 10 வந்தது. இப்போது 55 வரும். கூட்டல் குறி சரங்களை ஒட்டவைக்கும் வேலையைச் செய்துவிடுகிறது.

3. வகுத்தல். இது தனியே விளக்கத் தக்கது.

4. எழுத்துச் சரம். தமிழில் நிரல் எழுதுவோர்க்கு இதுவே மிக முக்கியமானது. இதுவும் கீழே விளக்கப்படுகிறது.

வகுத்தல் குறி: ஒரு மூட்டைக் கணக்கு

பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே கிடைக்கும். 7ஐ 2ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3இல் அதே குறி 3.5 என்று தரும்.

சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரங்களில் மரவள்ளி விளைகிறது. அதிலிருந்து எடுக்கும் மாவைக் கொண்டு ஜவ்வரிசி ஆலைகள் நடக்கின்றன. ஜவ்வரிசி 90 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஆலை ஒன்றுக்காகப் பைத்தான் 2இல் ஒருவர் சிறிய கணக்கு நிரல் எழுதியதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இருப்பு 2,750 கிலோ. நிரல் அதை 90ஆல் வகுத்து 30 முழு மூட்டை என்று காண்கிறது. மூட்டை 4,000 ரூபாய் என்று கொண்டால் தொகை 1,20,000 ரூபாய். மீதி 50 கிலோ அடுத்த நாள் கணக்கில் சேரும்.

அதே நிரலைப் பைத்தான் 3இல் இயக்கினால் மூட்டைகளின் எண்ணிக்கை 30.555 என்று நீளும். தொகை 1,22,222 ரூபாய் 22 காசு ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியலும் அழகாகவே அச்சாகும். கட்டாத மூட்டைக்கும் பணம் கேட்கப்பட்டிருப்பதை யாராவது கையால் கணக்கிட்டுப் பார்த்தால்தான் தெரியும். திருத்தம் மிகச் சிறியது. ஈவு மட்டும் வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோட்டுக்குப் பதிலாக இரண்டு சாய்கோடுகள் இட வேண்டும்.

அப்படியானால் இந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள் என்ற கேள்வி எழும். மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2,750 கிலோ கிழங்கை டன்னாக மாற்ற 1,000ஆல் வகுத்தால் பைத்தான் 2 தந்த விடை 2. மீதி 750 கிலோ ஓசையின்றி மறைந்துவிடும். பழைய விதி இத்தகைய பிழைகளை நெடுங்காலம் விளைவித்தது. வகுத்தல் விதியை மாற்றும் முன்மொழிவு 2001இலேயே வந்தது. அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த பைத்தான் 2.2இல் இரட்டைச் சாய்கோடும், புதிய விதியை விரும்புவோர் முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ளும் வசதியும் சேர்க்கப்பட்டன. இரட்டைச் சாய்கோட்டை அப்போதே பழகிக்கொண்டவர்களின் மூட்டைக் கணக்கு 2008க்குப் பின்னும் மாறியிருக்காது.

தமிழ் எழுத்துச் சரங்கள்

பைத்தான் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழுக்கான ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். "வாழப்பாடி" என்னும் சொல்லில் வ, கால், ழ, ப, புள்ளி, ப, கால், ட, இகரக் கொக்கி என 9 குறிகள் உள்ளன. எனவே அதன் நீளம் பைத்தான் 2இல் 27 என்று வரும். பைத்தான் 3இல் சரம் என்பது யூனிகோடு குறிகளின் வரிசை. அதில் நீளம் 9. தமிழ் அறிந்தவர் எண்ணினாலோ வா, ழ, ப், பா, டி என எழுத்து ஐந்துதான்.

பெயர்ப் பட்டியலில் முதல் 10 இடங்களை மட்டும் வெட்டி எடுக்கும் நிரல் பைத்தான் 2இல் மூன்று குறிகளையும் நான்காவதன் ஒரு துண்டையும் எடுக்கும். திரையில் கடைசியில் ஒரு கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். இதைச் சரிக்கட்ட 3ஆல் பெருக்கியும் வகுத்தும் எழுதப்பட்ட நிரல்கள் பைத்தான் 3இல் தவறிப்போகும். பழைய குறையை நம்பி எழுதிய திருத்தமே புதிய பதிப்பில் பிழையாகிவிடுகிறது.

பைத்தான் 2இல் யூனிகோடு சரத்தை மேற்கோள்குறிக்கு முன் "யூ" என்னும் ஆங்கில எழுத்தை இட்டு எழுதினர். பைத்தான் 3.0 இந்த முன்னொட்டைப் பிழையென்று தள்ளியது. சரங்களைக் கவனமாகக் குறித்து வைத்திருந்த திட்டங்களே இதனால் கூடுதல் தொல்லைக்கு ஆளாயின. 2012இல் வந்த 3.3 பதிப்பில் அந்த முன்னொட்டு மீண்டும் ஏற்கப்பட்டது. கருவியை உருவாக்குவோரும் தாம் உடைத்ததைச் சில வேளை ஒட்டவைக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

எழுத்துகளை எழுத்தாகவே எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற திறந்தமூல நூலகங்கள் உதவுகின்றன. அது "வாழப்பாடி"யை ஐந்து எழுத்துகளாகப் பிரித்துத் தரும். கோப்புகளைத் திறக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுவதும் நல்லது. எழுதாவிட்டால் கணினியின் இயல்புநிலையைப் பைத்தான் எடுத்துக்கொள்ளும். அது கணினிக்குக் கணினி மாறக்கூடும்.

தமிழ் ஆவணங்களும் இதே இடரைச் சந்தித்தவையே. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் ஏற்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. பழைய கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள் தெரிவது இதன் விளைவு. கோப்பு எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்று குறித்து வைத்தவர்கள் மாற்றிக்கொடுக்கும் மென்பொருளில் இட்டு எளிதில் மீட்டனர். குறித்து வைக்காதவர்கள் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

முறிவின் வகைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் முறிவு மூன்று வகைப்படும்.

தொடக்க முறிவு: நிரல் பெயர்க்கப்படவோ தொடங்கவோ மறுக்கும். "ஐஓஸ்ட்ரீம்.எச்", "பிரிண்ட்" ஆகியவை இவ்வகை. எரிச்சலூட்டும், ஆனால் மறைவதில்லை.

இடைமுறிவு: நிரல் தொடங்கி, குறிப்பிட்ட வரியை எட்டும்போது நிற்கும். மேற்சொன்ன மூட்டை எண்ணிக்கையைக் கொண்டு, மூட்டைக்கு ஒன்றாகச் சீட்டு அச்சிடும் மடக்கை இயக்கினால், 30.555 தடவை சுற்ற இயலாதென்று பைத்தான் 3 நிறுத்திவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இயங்கும் பகுதியில் இது இருந்தால் அதுவரை தெரியாது.

ஓசையில்லா முறிவு: நிரல் முழுவதும் இயங்கும், விடை மட்டும் மாறும். 55 என்று வந்த கூட்டலும், 1,22,222 என்று வந்த தொகையும் இவ்வகை. மூன்றில் மிகக் கொடியது இதுவே. எச்சரிக்கை இல்லாததால், தவறான விடை பதிவேட்டில் ஏறி, அதன்மேல் அடுத்தடுத்த கணக்குகள் எழுப்பப்படும்.

சார்புச் சங்கிலி

இன்றைய திட்டங்கள் பல பிறர் எழுதிய நூலகங்களை நம்புகின்றன. அந்த நூலகங்கள் வேறு நூலகங்களை நம்புகின்றன. நேரடியாக ஐந்து நூலகங்களைச் சேர்த்தவரின் கணினியில் நூற்றுக்கணக்கானவை வந்து இறங்குவது இயல்பு. சங்கிலியின் கண்ணி எங்கு அறுந்தாலும் மேலே உள்ள திட்டம் நிற்கும்.

2016 மார்ச்சு 22 அன்று நிகழ்ந்த "லெப்ட்-பேட்" நிகழ்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் களஞ்சியமான என்பிஎம்மோடு ஒரு பெயர் குறித்து எழுந்த பிணக்கில், நிரலாளர் ஒருவர் தாம் எழுதிய 250க்கும் மேற்பட்ட தொகுப்புகளை நீக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று, சரத்தின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நிரல். பேபல் போன்ற பெரிய கருவிகள் அதை மறைமுகமாக நம்பியிருந்ததால், உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்களை உருவாக்க முடியாமல் போயிற்று. சில மணி நேரத்தில் அந்நிரல் மீட்கப்பட்டது; வெளியிட்ட தொகுப்பை விருப்பம்போல் நீக்கும் உரிமையும் பின்னர்க் கட்டுப்படுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த 11 வரி நிரலின் பெயரையே அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

கருவிகள் ஏன் மாறுகின்றன?

முறிவு வரும் என்று தெரிந்தும் மாற்றுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. முதலாவது பாதுகாப்பு. சி மொழியின் "கெட்ஸ்" செயற்கூறு, உள்ளீட்டின் நீளத்தைப் பாராமல் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். 1988இல் இணையத்தைத் தாக்கிய மோரிஸ் புழு பயன்படுத்திக்கொண்ட வழிகளில் இந்தக் குறையும் ஒன்று. அச்செயற்கூறு 2011இல் சி மொழித் தரத்திலிருந்தும், 2014இல் சி++ தரத்திலிருந்தும் நீக்கப்பட்டது. அதனால் பழைய நிரல்கள் முறிந்தாலும் அந்த இழப்பு தகும்.

இரண்டாவது, பழைய பிழையைத் திருத்துதல்; வகுத்தல் விதி இதற்குச் சான்று. மூன்றாவது, பராமரிப்புச் சுமை. பழையதையும் புதியதையும் ஒருசேரத் தாங்கும் கருவி ஆண்டுக்காண்டு கனத்துக்கொண்டே போகும். பைத்தான் 2 நிரலை 3க்கு மாற்ற உதவிய "2டு3" என்னும் கருவியே, 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13இல் நீக்கப்பட்டுவிட்டது. மாறுவதற்கு உதவும் ஏணியும் என்றென்றும் சார்த்தி வைக்கப்பட்டிருப்பதில்லை.

மாற்றாமலே இருந்துவிடுவதும் தீர்வன்று. 2021 திசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. உலகெங்கும் நிறுவனங்கள் அவசரமாகப் புதிய பதிப்புக்கு மாற வேண்டியதாயிற்று. படிப்படியாகப் புதுப்பித்து வந்த திட்டத்துக்கு இத்தகைய நாளில் தாண்டவேண்டியது ஒரு படி. பல ஆண்டுகள் தொடாமல் விட்ட திட்டத்துக்குப் பல படிகள்.

பதிப்பு எண் சொல்லும் செய்தி

பல திட்டங்கள் பதிப்பு எண்ணை 2.7.18 என்பதுபோல் மூன்று பகுதிகளாக எழுதுகின்றன. பொருள்சார் பதிப்பீடு என்னும் முறையின்படி, கடைசி எண் உயர்ந்தால் பிழைத்திருத்தம் மட்டும். நடு எண் உயர்ந்தால் புதிய வசதி சேர்ந்துள்ளது, பழையது கெடவில்லை. முதல் எண் உயர்ந்தால் பழைய நிரல்கள் முறியலாம். இது எல்லாரும் பின்பற்றும் சட்டமல்ல. பைத்தானில் நடு எண் உயரும்போதே பழைய பகுதிகள் நீக்கப்படுவதுண்டு. "டிஸ்டியூட்டில்ஸ்" என்னும் பகுதிக்கு 2021இல் 3.10 பதிப்பில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டு, 2023இல் 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. எனவே எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பதிப்போடும் வெளியாகும் மாற்றக் குறிப்பையும் படிக்கவேண்டும்.

திட்டத்தைக் காக்கும் வழிகள்

பதிப்பைக் குறித்தல்: நிரலின் தொடக்கத்திலோ தனிக் கோப்பிலோ மொழியின் பதிப்பு, பெயர்ப்பியின் பெயர், நூலகங்களின் பதிப்பு எண்கள், இயக்க முறைமை ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். மற்ற வழிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

பதிப்பைப் பூட்டுதல்: "1.2 அல்லது அதற்கு மேல்" என்று விட்டால் நிறுவும் நாளைப் பொறுத்து வேறு பதிப்பு வரும். பைத்தானில் தேவைப் பட்டியல் கோப்பில் சரியான எண்ணைக் குறிக்கலாம். என்பிஎம் 2017இல் பூட்டுக் கோப்பு முறையைக் கொண்டுவந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் பதிப்பும் அதில் பதிவாகும்.

தனிச்சூழல்: பைத்தான் 3.3 முதல் மெய்நிகர்ச் சூழல் வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நூலகத் தொகுதி அமைவதால், ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று கெடாது.

சோதனை: விடை தெரிந்த சில உள்ளீடுகளைச் சேமித்து வைத்து, பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்க்கவேண்டும். ஓசையில்லா முறிவைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. 2,750 கிலோவுக்கு 30 மூட்டை என்று ஒரு வரிச் சோதனை இருந்திருந்தால் மேற்கண்ட பட்டியல் அச்சாகியிருக்காது.

எச்சரிக்கையை மதித்தல்: "இது இனி நீக்கப்படும்" என்னும் செய்தி நிரல் இயங்கும்போதே வரும். இயங்குகிறதே என்று அதைக் கடந்துவிடுவதே பிற்கால முறிவுகள் பலவற்றின் தொடக்கம்.

நகலில் புதுப்பித்தல்: இயங்கும் திட்டத்தின் மேல் நேரடியாகப் புதிய பதிப்பை ஏற்றாமல், நகலில் ஏற்றிச் சோதித்தபின் மாறவேண்டும். ஒரே நேரத்தில் பல கருவிகளை மாற்றினால் எது உடைத்தது என்று அறிவது கடினம். ஒவ்வொன்றாக மாற்றுவதே முறை. தேர்வுக்கோ ஒப்படைப்புக்கோ முந்தைய நாளில் எதையும் புதுப்பிக்கக் கூடாது.

பள்ளி, கல்லூரிச் சூழலில்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பின், ஆய்வகக் கணினியில் ஒரு பதிப்பும் மாணவரின் மடிக்கணினியில் வேறொரு பதிப்பும் இருப்பதற்கு வாய்ப்பு மிகுந்தது. வீட்டில் இயங்கிய நிரல் செய்முறைத் தேர்வில் பிழை காட்டினால், தமக்கே நிரலாக்கம் வராது என்று மாணவர் முடிவுகட்டிவிடும் ஆபத்து உண்டு. பிழைச் செய்தியின் முதல் வரியைப் படித்து, கருவியின் பதிப்பைப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே கற்பிப்பது இதைத் தவிர்க்கும். பைத்தானில் அதன் சாளரம் திறந்தவுடன் மேல் வரியிலேயே பதிப்பு எண் காணப்படும்.

பாடநூலில் உள்ள நிரலும் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு எழுதப்பட்டதே. பழைய பாடநூலின் "வாய்டு மெயின்" நிரல்கள் தம் கருவியில் சரியாக இயங்கியவை. கருவி மாறியதால் இன்று திருத்தம் கேட்கின்றன. செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், நிரல், வெளியீடு என்று எழுதும் இடத்தில் "கருவியும் பதிப்பும்" என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவேட்டைத் திறக்கும் ஒருவர், நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடத் தொடங்கவேண்டிய இடம் அந்த வரியே.